எண்ணெய்க் குழாயும் தேர்தல் ஆண்டும்

மாணவர்களே, ஓர் எண்ணெய்க் குழாயைப் பதிக்கலாமா, வேண்டாமா என்ற கேள்வி ஒரு நாட்டின் அதிபர் தேர்தல் வரை போகுமா? 2012-ஆம் ஆண்டு அமெரிக்காவில் போனது. அந்தக் குழாயின் பெயர் கீஸ்டோன் எக்ஸ்எல். அறிவியல் எதற்கு விடை சொல்லும், எதை மக்களே முடிவு செய்ய வேண்டும் என்பதைப் புரிந்துகொள்ள இந்தக் கதை உதவும்.

எங்கிருந்து எங்கே?

கனடாவின் அல்பர்ட்டா மாநிலத்திலுள்ள ஹார்டிஸ்டி நகரிலிருந்து அமெரிக்காவின் நெப்ராஸ்கா மாநிலம் வரை குழாய் பதிப்பது திட்டம். பின்னர் திருத்தப்பட்ட பாதையின் நீளம் ஏறக்குறைய 1,900 கிலோமீட்டர். புக்கிட் காயு ஹீத்தாமிலிருந்து ஜொகூர் பாரு வரையுள்ள நெடுஞ்சாலையைப் போல் இரண்டு மடங்குக்கும் அதிகம். நாளொன்றுக்கு 830,000 பீப்பாய் எண்ணெய் அதில் ஓடும். ஒரு பீப்பாய் என்பது சுமார் 159 லிட்டர். பெருக்கிப் பாருங்கள்: ஏறத்தாழ 132 மில்லியன் லிட்டர். 50 ஒலிம்பிக் நீச்சல் குளங்களை நிரப்பலாம்!

இது என்ன எண்ணெய்?

அல்பர்ட்டாவில் கிடைப்பது பிட்டுமென். மணலோடும் களிமண்ணோடும் ஒட்டிக் கிடக்கும், தார் போன்ற பொருள் இது. மேலாக இருந்தால் தோண்டியெடுத்துச் சுடுநீரில் பிரிப்பார்கள். ஆழத்தில் இருந்தால் நீராவியைச் செலுத்தி இளக்கி, மேலே இழுப்பார்கள். நீரைச் சூடாக்க எரிபொருள் வேண்டும். எரிபொருள் எரிந்தால் கரியமில வாயு வெளியாகும். அதனால்தான், எடுப்பது முதல் வாகனத்தில் எரிவது வரை கணக்கிட்டால், இந்த எண்ணெய் அமெரிக்காவில் சுத்திகரிக்கப்படும் சராசரிக் கச்சா எண்ணெயைவிட 17 விழுக்காடு கூடுதலான பசுமை இல்ல வாயுக்களை வெளியிடுகிறது என்று அமெரிக்க வெளியுறவு அமைச்சின் ஆய்வறிக்கை கூறியது.

பிட்டுமென் கெட்டியானது, அப்படியே குழாயில் ஓடாது. எனவே இலேசான எண்ணெய்களைக் கலந்து நீர்க்கச் செய்வார்கள். இதில்தான் ஓர் ஆபத்து. 2010 ஜூலையில் மிச்சிகன் மாநிலத்தில் வேறொரு குழாய் உடைந்தது. 17 மணி நேரத்திற்குப் பிறகே கசிவு கண்டறியப்பட்டது. 3 மில்லியன் லிட்டருக்கும் அதிகமான எண்ணெய் கலமசூ ஆற்றுப் பகுதியில் கலந்தது. சாதாரண எண்ணெய் பெரும்பாலும் நீரில் மிதக்கும், வழித்தெடுக்கலாம். இங்கோ இலேசான பகுதி ஆவியாகிவிட, கனமான பிட்டுமென் சேற்றோடு சேர்ந்து அடியில் படிந்தது. தூய்மைப்படுத்தும் பணி பல ஆண்டுகள் நீடித்தது.

நெப்ராஸ்கா விவசாயிகள் ஏன் கவலைப்பட்டார்கள்?

முதலில் வரையப்பட்ட பாதை நெப்ராஸ்காவின் மணற்குன்றுப் பகுதி வழியாகச் சென்றது. அதன் அடியில் இருப்பது ஒகல்லாலா நிலத்தடி நீர்ப்படுகை. எட்டு மாநிலங்களுக்குக் கீழே பரவியுள்ள இந்த நீரை நம்பித்தான் அங்கே சோளமும் கோதுமையும் விளைகின்றன. மணலில் எதுவும் எளிதில் ஊறி இறங்கும்; அங்கே நீரும் மேலாகவே இருக்கிறது. குழாய் கசிந்தால் கிணற்று நீர் என்னவாகும் என்று விவசாயிகள் கேட்டார்கள்.

தேர்தல் குறுக்கிட்டது

குழாய் நாட்டின் எல்லையைக் கடப்பதால் அதிபரின் அனுமதி தேவை. நிறுவனம் 2008-இல் விண்ணப்பித்தது. அதிபர் ஒபாமாவை ஆதரித்தவர்களே இரண்டாகப் பிரிந்தார்கள். கட்டுமானத் தொழிற்சங்கங்கள் வேலை வேண்டும் என்றன. சுற்றுச்சூழல் ஆர்வலர்கள் வெள்ளை மாளிகை முன் மறியல் செய்தனர். 2011-இல் ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் கைதாயினர்.

2011 நவம்பரில், மணற்குன்றுகளைத் தவிர்க்கும் பாதையை ஆராய வேண்டும் என்று அரசு முடிவைத் தள்ளிவைத்தது. புதிய முடிவு 2013-இல், அதாவது தேர்தலுக்குப் பிறகு வரும். எதிர்க்கட்சியினர் விடவில்லை. 60 நாளில் முடிவு சொல்ல வேண்டும் என்ற விதியை ஒரு வரிச்சலுகைச் சட்டத்தோடு சேர்த்தார்கள். 2012 ஜனவரியில் ஒபாமா, ஆராய நேரம் போதவில்லை என்று விண்ணப்பத்தை நிராகரித்தார். இரண்டே மாதத்தில் ஒக்லஹோமாவுக்குச் சென்று, எல்லையைக் கடக்காத தெற்குப் பகுதிக் குழாய்க்கு ஆதரவு தெரிவித்தார்.

ஒரே அறிக்கை, இரண்டு எண்கள்

2014 ஜனவரியில் வெளியுறவு அமைச்சின் இறுதி ஆய்வறிக்கை வந்தது. ஆதரவாளர்கள் அதிலிருந்து எடுத்த எண் 42,100 வேலைகள். எதிர்ப்பாளர்கள் எடுத்த எண் 50 வேலைகள். யார் பொய் சொன்னார்கள்? யாரும் இல்லை! முதலாவது, கட்டுமானக் காலத்தில் நாடு முழுவதும் நேரடியாகவும் மறைமுகமாகவும் கிடைக்கும் வேலைகள். இரண்டாவது, கட்டி முடித்தபின் குழாயை இயக்கத் தேவைப்படுவோர். ஓர் எண்ணைக் கேட்டால் “எந்தக் காலத்திற்கு? யார் யாரைச் சேர்த்து?” என்று கேளுங்கள்.

அதே அறிக்கை, குழாய் இல்லாவிட்டாலும் எண்ணெய் இரயில் வழியாகச் சந்தைக்குப் போகும் என்றும் கூறியது. இரயிலிலும் ஆபத்து உண்டு. 2013-இல் கனடாவின் லாக்-மெகன்டிக் நகரில் எண்ணெய் இரயில் தடம்புரண்டு வெடித்ததில் 47 பேர் மாண்டனர்.

முடிவு என்ன?

2015-இல் ஒபாமா மறுத்தார். 2017-இல் டிரம்ப் அனுமதித்தார். 2021 ஜனவரியில் பைடன், பதவியேற்ற அன்றே அனுமதியை மீட்டுக்கொண்டார். அவ்வாண்டு ஜூனில் நிறுவனம் திட்டத்தைக் கைவிட்டது. இந்த 13 ஆண்டுகளில் பிட்டுமெனின் தன்மை மாறவில்லை, மாறியவர்கள் அதிபர்கள். கசிந்தால் எண்ணெய் எங்கே போகும், எவ்வளவு வாயு வெளியாகும் என்று அறிவியல் சொல்லும். ஒரு விவசாயியின் கிணறும் ஒரு தொழிலாளியின் சம்பளமும் எதிரெதிரே நின்றால் எதற்கு எவ்வளவு மதிப்பு என்பதை வாக்காளர்தான் எடை போட வேண்டும். எண்களைச் சரியாகப் படிக்கத் தெரிந்தவரால்தான் அதை நன்றாகச் செய்ய முடியும்.

சிந்தித்துப் பாருங்கள்

1. கலமசூ ஆற்றில் பிட்டுமென் ஏன் மூழ்கியது? அடர்த்தி என்ற சொல்லைப் பயன்படுத்தி விளக்குக.
2. குழாய், இரயில் இரண்டில் எது பாதுகாப்பானது என்று முடிவு செய்ய என்னென்ன தரவுகள் தேவை?
3. தேர்தலுக்கு முன் முடிவைத் தள்ளிவைத்தது சரியா? உங்கள் கருத்துக்கு இரண்டு காரணங்கள் கூறுக.