கத்தியில்லா வைத்தியமும் மார்புக் கட்டியும்

மார்பில் புற்றுக்கட்டி கண்ட பெண்ணுக்குக் கத்தி வைக்காமலே, ஒலியைக் கொண்டு கட்டியைச் சுட்டுவிடலாம் என்றொரு செய்தி நம்மவரிடையே உலவுகிறது. செய்தி பொய்யல்ல. ஆயின் பாதியை மட்டும் கேட்டவர்கள் வீட்டாரின் ரண சிகிச்சையைத் தள்ளிப்போடக் கூடுமாதலால், மீதியையும் சொல்ல வேண்டியிருக்கிறது.

கர்ப்பிணியின் வயிற்றில் குழந்தையைக் காட்டுகிறதே, அதே கேளா ஒலிதான் இதுவும். வெயிலைப் பூதக்கண்ணாடியால் ஒரு புள்ளியில் குவித்தால் காகிதம் கருகுவதுபோல, ஒலியலைகளை உடலுக்குள் ஓரிடத்தில் குவித்தால் அவ்விடம் சூடேறும். சூடு 60 டிகிரியை எட்டினால் சில விநாடிகளில் தசை வெந்து செத்துவிடும், தோல் அறுபடுவதில்லை. ஒரு தடவைக்கு வேகுமிடம் ஏறக்குறைய ஓர் அரிசி மணியளவே. ஆகவே புள்ளி புள்ளியாகச் சுட்டுக் கட்டியை மூட வேண்டும். எங்கே சுடுகிறோம் என்பதை ஸ்கேன் படம் காட்டும், எம்.ஆர்.ஐ. கருவியோ உள்ளே ஏறும் சூட்டையும் அளந்து சொல்லும்.

கட்டி முழுவதும் செத்ததா என்பதே கேள்வி. சீனாவின் சோங்சிங் நகர வைத்தியர்கள் 48 பெண்களை இரு பிரிவாக்கி, 23 பேருக்கு ஒலிச் சிகிச்சை செய்து, பின்னர் மார்பை அகற்றிப் பரிசோதித்து 2003ல் முடிவை வெளியிட்டனர். குறிவைத்த கட்டி செத்திருந்தது. அதே ஆண்டு வெளியான கனடா ஆய்விலோ, 12 பெண்களில் பலருக்குக் கட்டியின் ஓரத்தில் புற்று எஞ்சியிருந்தது.

ஓரந்தான் இதில் உயிர்நிலை. வெட்டியெடுத்த கட்டியின் விளிம்பை நுண்ணோக்கியில் பார்த்துச் சுத்தமா என்று சொல்லலாம். உள்ளேயே வெந்து கிடப்பதற்குப் படந்தான் சாட்சி. மூட்டையில் குத்திப் பாராமல் அரிசி வாங்க நம்மில் யார் சம்மதிப்பர்?

அமெரிக்க அரசு இச்சிகிச்சையைக் கருப்பைக் கட்டிகளுக்கு 2004லும், எலும்பில் பரவிய புற்றின் வலிக்கு 2012லும் அனுமதித்தது. மார்புப் புற்றுக்கு இது இன்னும் ஆராய்ச்சி அளவில்தான் இருக்கிறது.

நமக்குப் பெருங்கவலை வேறொன்று. கட்டி தட்டுப்பட்டும் வெட்கத்தால் மாதக்கணக்கில் மறைத்து வைக்கிறார்கள். அவசியத்திற்கு வைத்தியரிடம் காட்டுவதை மார்க்கம் தடுக்கவில்லை. பெண் டாக்டர் இருந்தால் அவரிடமே போகலாம். சிங்கப்பூரில் 50 முதல் 69 வயதுவரை உள்ள பெண்கள் இரண்டாண்டுக்கொரு முறை மேமோகிராம் எடுக்கும்படி சுகாதாரத் துறையினர் சொல்லி வருகின்றனர். கடையை ஒரு காலைப்பொழுது தம்பியிடம் ஒப்படைத்துவிட்டு நாமே கூட்டிப் போகலாம். கத்தியில்லா வைத்தியமென்று எவரேனும் விலைபேசினால், இது ஆராய்ச்சியா அல்லவா, ஓரம் செத்ததை எப்படி அறிவீர்கள் என்ற இரண்டையும் பணம் கட்டுமுன் கேட்டுக்கொள்ளுங்கள்.