கடல் மீனுக்குப் பொய் இரை: வீட்டிலேயே கட்டுவது எப்படி?

(இயந்திரவியல், மூன்றாம் ஆண்டு)



அம்பத்தூர், ஆவடிப் பக்கம் இருக்கிற நமக்கும் கடல் தூண்டிலுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள். என் தாய்மாமாவுக்கு எண்ணூரில் மீன்பிடித் தொழில். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணூர் கழிமுகத்தில் எண்ணெய் பரவியது நினைவிருக்கும். மாமாவின் வலை தார் பூசினாற்போல் ஆகிவிட்டது. முகத்துவாரத்துக்கு வெளியே போய்த் தூண்டில் போடலாம் என்றால், இரைக்கு உயிர் இறால் கிடைக்கவில்லை. அப்போது நான் முதலாண்டு. "மாப்ள, நீ படிக்கிற புள்ளயாச்சே, பொய் இரை ஏதாவது கட்டிக் குடு" என்றார். எங்கள் குடும்பத்தில் பாலிடெக்னிக் வாசலை மிதித்த முதல் ஆள் நான். அதனால் எனக்கு எல்லாம் தெரியும் என்று அவருக்கு நினைப்பு! நான் கட்டியது இரண்டு முறை தோற்று, மூன்றாம் முறை நின்றது. அந்தப் பாடத்தைத்தான் இங்கே எழுதுகிறேன்.

பொய் இரை என்றால் என்ன?

கொடுவா, பாறை, சீலா போன்ற மீன்கள் சின்ன மீன்களைத் துரத்தித் தின்பவை. தூண்டில் முள்ளில் இறகையும் ரோமத்தையும் நூலால் கட்டி, நீரில் இழுத்தால் நெத்திலி நீந்துவது போலத் தெரியும். இது புது வித்தை இல்லை. மாசிடோனிய நாட்டு மக்கள் முள்ளில் சிவப்புக் கம்பளி நூலும் சேவல் இறகும் கட்டி ஆற்று மீன் பிடித்ததை, ஏறத்தாழ 1800 ஆண்டுகளுக்கு முன் ரோமாபுரியில் வாழ்ந்த ஏலியன் எழுதி வைத்திருக்கிறார். கடல் மீனுக்காக அமெரிக்காவில் லெஃப்டி கிரே 1950-களில் கட்டிய இறகு இரை, 1991-ல் அந்நாட்டுத் தபால்தலையிலேயே இடம் பெற்றது. 1987-ல் பாப் கிளவுசர் கனமான கண் வைத்து ஒரு இரை கட்டினார். நான் கட்டுவது அந்த வகை. நம் குமரிக் கடற்கரையிலும் பளபளக்கும் இழை கட்டிய முட்களால் அயிலை பிடிக்கும் வழக்கம் உண்டு.

வெளிநாட்டார் தடித்த கயிற்றின் கனத்தைக் கொண்டே இலேசான இரையைத் தூர வீசுவார்கள். நமக்கு அந்தக் கோல் வேண்டாம். தங்கூசியில் கட்டிப் படகின் பின்னால் இழுக்கலாம். ஈயக் குண்டு சேர்த்துக் கையால் வீசி, வெடுக் வெடுக்கென்று இழுக்கலாம்.

தேவையான பொருட்கள்

1. எவர்சில்வர் தூண்டில் முள்.
2. தையல்காரர் கடை நைலான் நூல்.
3. வெள்ளை ஆட்டு ரோமம். சேவல் கழுத்து இறகு. கறிக்கடையில் கேட்டால் சும்மாவே தருவார்கள். சோப்புத் தண்ணீரில் அலசி, நிழலில் காய வைக்கவும். மான் ரோமம் கூடவே கூடாது. 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம்.
4. கொஞ்சம் பிளாஸ்டிக் ஜரிகை.
5. கண்ணுக்கு இரண்டு பித்தளை மணி கொண்ட சங்கிலித் துண்டு. ஈயம் இன்னும் கனம்தான், ஆனால் விஷம்.
6. நிறமில்லாத நகப்பூச்சு.

முள்ளைப் பிடிக்க நம் ஃபிட்டிங் பிரிவில் பார்த்த பின் வைஸ் போதும். அதை மேசையில் அசையாமல் இறுக்கி வைக்க வேண்டும்.

செய்முறை

முதலில் முள்ளின் நேர்த்தண்டு முழுவதும் நூலை நெருக்கமாகச் சுற்றவும். இதுதான் அஸ்திவாரம். முள்ளின் காதிலிருந்து மூன்றில் ஒரு பங்கு தள்ளி, தண்டின் மேல்புறம் பித்தளைக் கண்ணை வைத்து எட்டுப் போட்டுக் கட்டவும். கனம் அந்தப் பக்கம் இருப்பதால் நீரில் முள் தலைகீழாகத் திரும்பும். கூர்முனை மேல்நோக்கி நிற்கும். தரையிலுள்ள ஆளிச் சிப்பியில் அதிகம் மாட்டாது. புவியீர்ப்பு மையப் பாடம் இங்கே வேலை செய்கிறது, பாருங்கள்!

அடுத்து, பென்சிலில் பாதிப் பருமன் அளவு வெள்ளை ரோமத்தைக் கண் உள்ள பக்கம் கட்டவும். முள்ளைப் புரட்டி, மறுபக்கம் ஜரிகையும் அதன்மேல் கறுத்த இறகும் கட்டவும். நீளம் முள்ளைப்போல் இரண்டரை மடங்கு இருக்கட்டும். ரோமத்தை அள்ளி வைத்தால் துடைப்பம் மாதிரி ஆகிவிடும்.

முடிப்பதற்கு, தனியாக ஒரு நூலை மடித்து, வளையம் காதுப் பக்கம் வருமாறு தண்டின்மேல் வைக்கவும். அதன்மேல் ஏழெட்டுச் சுற்று சுற்றி, கட்டு நூலின் நுனியை வளையத்துக்குள் நுழைத்து, வளையத்தைப் பின்பக்கமாக இழுத்தால் நுனி சுற்றுகளுக்கு அடியில் புதைந்துவிடும். நகப்பூச்சு இரண்டு கோட்டிங்.

நான் செய்த தவறுகள்

முதல் தடவை நான் அஸ்திவாரச் சுற்றே போடவில்லை. ஒரு மீன் வெடுக்கென்று இழுத்ததும் ரோமமெல்லாம் சறுக்கி வளைவில் போய் அடைத்துக்கொண்டது. "இன்னாடா மாப்ள, முள்ளு கீது, இரை எங்கடா பூட்ச்சு?" என்றார் மாமா. நான் நாற்பது சுற்று சுற்றியிருந்தேனே என்று வாதாடினேன். அவர் கட்டை விரலால் நூலைத் தள்ளிக் காட்டினார், நகர்ந்தது.

பெல்ட் டிரைவ் பாடத்தில் நாம் படிக்கும் சூத்திரம்தான் விடை. உராய்வுக் கெழு 0.2 என்றால், ஒரு முழுச் சுற்றில் பிடிமானம் சுமார் 3.5 மடங்காகும்; ஐந்து சுற்றில் 500 மடங்கைத் தாண்டும். ஆனால் எதை அந்த மடங்கால் பெருக்குகிறோம்? நாம் கொடுக்கும் ஆரம்ப இழுவையை. அது சுழியம் என்றால் எத்தனை சுற்றினாலும் சுழியமே! பரீட்சையில் இந்தக் கணக்குக்கு முழு மதிப்பெண் வாங்கிய எனக்கு, எழுதப் படிக்கத் தெரியாத மாமாவின் கட்டை விரல்தான் அதைப் புரிய வைத்தது.

இரண்டாம் தடவை இறுக்கமாகக் கட்டினேன். ஆனால் விலை மலிவு என்று சாதாரண எஃகு முள் வாங்கினேன். உப்பு நீரில் எஃகும் பித்தளையும் தொட்டுக்கொண்டிருந்தால் அது ஒரு மின்கலம், எஃகுதான் கரையும். நாலாம் நாள் ஒரு நல்ல கொடுவா மாட்டி, கைக்கெட்டும் தூரத்தில் முள் வளைவில் உடைந்து போனது. அன்று மாமா என்னைத் திட்டவில்லை. "வுட்றா, பாத்துக்கலாம்" என்றார். அந்த மீன் அவருக்கு இரண்டு நாள் வீட்டுச் செலவு என்பது எனக்குத் தெரியும். திட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது.

எவர்சில்வரில் உள்ள குரோமியம் மேலே மெல்லிய ஆக்சைடு படலமாகி முள்ளைக் காக்கும். மூன்றாம் தடவை அதையே வாங்கினேன்.

சோதனை

இப்போதெல்லாம் சோதிக்காமல் எதையும் கொடுப்பதில்லை. ஒரு லிட்டர் நீரில் 35 கிராம் உப்பு கரைத்தால் கிட்டத்தட்டக் கடல்நீர். அதில் மூன்று இரவு ஊற வைத்து, துருப் பார்க்கவும். பிறகு ரோமக் கற்றையைக் குறட்டால் பிடித்து இழுக்கவும்; அசைந்தால் பிரித்துவிட்டு மறுபடி கட்டவும். கட்டும்போது கண்ணாடி அணிவது நல்லது. முட்களை மூடியுள்ள டப்பாவில் வைக்கவும். வீட்டில் குழந்தைகள் இருப்பார்கள்.

முடிவுரை

மூன்றாம் தடவை கட்டிய ஆறு இரைகளில் நான்கு, மாமா புது வலை வாங்கும் வரை உழைத்தன. வலை வந்த பிறகும் ஒன்றை அவர் படகில் செருகி வைத்திருக்கிறார். நண்பர்களே, நாளை நாம் கம்பெனியில் செய்யப் போகும் ஒவ்வொரு பாகத்தின் மறுமுனையிலும் இப்படி யாரோ ஒருவர் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நிற்பார். அதை நினைத்து முதல் சுற்றை இறுக்கிச் சுற்றுவோம்!