மீன் சாலட் தண்ணீர் விடுகிறதா?

கேள்வி: என் கணவருக்குச் சர்க்கரை, எடை இரண்டும் ஏறிக்கொண்டே போவதால், இரவில் சோற்றை நிறுத்திவிட்டு லெட்யூஸும் மீனும் சேர்த்த சாலட் தருகிறேன். எண்ணெய் ஒரு சொட்டுகூட விடுவதில்லை. ஆனால் தட்டில் வைத்த சற்று நேரத்தில் தண்ணீர் விட்டுக்கொள்கிறது, மீன் வாடையும் அடிக்கிறது. இரண்டு வாயோடு ஒதுக்கிவிடுகிறார். எந்த மீன் சரிப்படும்? நம் ஊர்க் கீரைகளைப் பச்சையாகச் சேர்க்கலாமா?
– ஒரு வாசகி, தாம்பரம்

பதில்: முதலில் எண்ணெய் விரதத்தைக் கைவிடுங்கள். இலையில் இருக்கும் பீட்டா கரோட்டினும் வைட்டமின் கே-யும் கொழுப்பில் கரைபவை. எண்ணெய் சேர்ந்தால்தான் உடம்பில் நன்றாகச் சேரும். இருவருக்கு ஒரு மேசைக்கரண்டி செக்கு நல்லெண்ணெய், அரை மூடி எலுமிச்சைச் சாறு, நசுக்கிய பூண்டுப் பல் ஒன்று, மிளகுத்தூள், உப்பு. டிரெஸ்ஸிங் அவ்வளவுதான். ஓட்டலில் ஊற்றும் மயோனைஸில் பெரும்பங்கு எண்ணெய்தான். அதைப் பச்சை முட்டையில் அடித்துச் செய்வதற்குத் தமிழ்நாடு அரசு 2025 ஏப்ரலில் ஓராண்டுத் தடையே போட்டது. அந்தப் பக்கமே போக வேண்டாம்.

தண்ணீர் விடுவதற்கு உப்புதான் காரணம். இலைமேல் உப்புப் பட்டதும் உள்ளிருக்கும் நீர் வெளியே வந்துவிடும். கழுவிய ஈரமும் சேர்ந்தால் கேட்கவே வேண்டாம். லெட்யூஸை இதழ் இதழாகப் பிரித்து, ஓடும் தண்ணீரில் அலசி, பருத்தித் துண்டில் பரப்பி, மேலே இன்னொரு துணியால் ஒற்றி எடுங்கள். அவர் கை கழுவிவிட்டு வந்து உட்கார்ந்த பிறகு டிரெஸ்ஸிங்கைக் கலந்தால் போதும். தக்காளியின் விதைப் பகுதியையும் எடுத்துவிடுங்கள்.

மீனுக்கு வஞ்சிரம்தான் வேண்டும் என்றில்லை. ஒமேகா-3 கொழுப்பு மத்தியிலும் கானாங்கெளுத்தியிலும் தாராளமாக இருக்கிறது. விலையும் கைக்கு அடக்கம். சிறிய மீன்கள் என்பதால் பாதரசம் சேர்வதும் குறைவு. சாலட்டுக்கு என் ஓட்டு கானாங்கெளுத்திக்கே, முள் எடுப்பது சுலபம். நடுத்தர அளவில் இரண்டு மீனை மஞ்சள், மிளகு, உப்பு தடவி, தோசைக்கல்லில் சில சொட்டு எண்ணெயில் இருபுறமும் வேகவிடுங்கள். ஆறியதும் விரலால் நெம்பினால் நடுமுள் அப்படியே கழன்றுவரும். பக்கவாட்டில் கறுப்பாக ஒரு பட்டை ஓடும் பாருங்கள், வாடை பெரும்பாலும் அதில்தான். சத்தும் அதில் உண்டு. ஆனாலும் உங்கள் வீட்டுக்காரர் பழகும்வரை எடுத்துவிடலாம்.

ஒன்றை மட்டும் கண்டிப்பாகப் பாருங்கள். கானாங்கெளுத்தி, மத்தி, சூரை ஆகியவை பிடித்ததிலிருந்தே ஐஸில் இருக்க வேண்டும். வெயிலில் கிடந்தால் ஹிஸ்டமின் உருவாகும். எவ்வளவு வேகவைத்தாலும் அது போகாது. சாப்பிட்ட சற்று நேரத்தில் முகம் சிவந்து அரிப்பு எடுக்கும். பலர் இதை மீன் ஒவ்வாமை என்று நினைத்துக்கொள்கிறார்கள். ஐஸ் இல்லாத கூடையில் பேரம் பேசாதீர்கள்.

கீரைக்கு வருவோம். முளைக்கீரை, அரைக்கீரை, முருங்கைக்கீரையை வேகவைத்தே சாப்பிடுங்கள். பச்சையாகப் போட வல்லாரை அருமை. இலங்கையில் வல்லாரையைப் பொடியாக அரிந்து, தேங்காய்ப்பூ, சின்ன வெங்காயம், பச்சை மிளகாய், தேசிக்காய்ப் புளி (எலுமிச்சைச் சாறு) சேர்த்துச் சம்பல் செய்வார்கள். பல வீடுகளில் இடித்த மாசிக் கருவாடும் விழும். அதுவும் கீரை மீன் சாலட்தானே! கீரையின் இரும்புச்சத்தைக் குடல் லேசில் எடுத்துக்கொள்ளாது. எலுமிச்சையும் மீனும் கூட இருந்தால் கூடுதலாக எடுத்துக்கொள்ளும். லெட்யூஸோடு ஒரு கைப்பிடி வல்லாரையை அரிந்து போட்டுப் பாருங்கள். கொஞ்சம் துவர்க்கும், எலுமிச்சையில் ஊறிய சின்ன வெங்காயம் அதைச் சரிக்கட்டும்.

உங்கள் கடிதத்தில் எனக்கு உறுத்தியது வேறு. அவர் சர்க்கரைக்கு மாத்திரையோ இன்சுலினோ எடுத்துக்கொண்டால், இரவுச் சோற்றை அடியோடு நிறுத்துவது ஆபத்து. தூக்கத்தில் சர்க்கரை இறங்கிவிடலாம். மருத்துவரிடம் சொல்லி மருந்தின் அளவைக் கேளுங்கள். அதுவரை சாலட்டில் வேகவைத்த கொண்டைக்கடலை ஒரு கிண்ணம் சேருங்கள், கூடவே ஒரு சப்பாத்தியும் இருக்கட்டும். ரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் சாப்பிடுபவராக இருந்தால், கீரையைத் திடீரென்று கூட்டவும் கூடாது, குறைக்கவும் கூடாது.