பிடிக்கவில்லை என்றால் குற்றமா?

கேள்வி: மார்லன் ஜேம்ஸின் ‘பிளாக் லெப்பர்ட், ரெட் வுல்ஃப்’ நாவலுக்காக ஆவலோடு காத்திருந்து வாங்கினேன். ஆப்பிரிக்கத் தொன்மங்களில் வேர்விட்ட ஃபேன்டஸி, ஆண்களைக் காதலிக்கும் நாயகன் என நான் தேடியதெல்லாம் அதில் இருக்கிறது. ஆனாலும் பாதியில் திணறுகிறேன். கதை பிடிபடவில்லை, கொடூரம் தாங்கவில்லை. இப்படிப்பட்ட நாவலைக் குறை சொல்லவே கூச்சமாக இருக்கிறது. தொடரட்டுமா, விட்டுவிடட்டுமா?

பதில்: கூச்சப்படாதீர்கள். ‘ஹாபிட்’ படத்தில் வெள்ளையர்களே நிறைந்திருந்தது பற்றி எழுந்த ஒரு வாக்குவாதம்தான் இந்த நாவலுக்கு வித்திட்டது என்று ஜேம்ஸ் சொல்லியிருக்கிறார். அந்தக் கோபம் நியாயமானது. அதற்காக நாவல் உங்களுக்குப் பிடித்தே ஆக வேண்டும் என்பதில்லை. 2015இல் புக்கர் பரிசு பெற்ற எழுத்தாளர் அவர். சலுகை மதிப்பெண் போடுவதுதான் அவருக்கு அவமரியாதை.

கதை பிடிபடாததற்கு விளம்பரமும் ஒரு காரணம். ஆப்பிரிக்காவின் ‘கேம் ஆஃப் த்ரோன்ஸ்’ என்று ஜேம்ஸ் வேடிக்கையாகச் சொன்னதைப் பிடித்துக்கொண்டு விற்றார்கள். அரியணைச் சண்டையை எதிர்பார்த்துப் போனவர் கையில் கிடைப்பது ஒரு கைதியின் வாக்குமூலம். மோப்பசக்தி படைத்த டிராக்கர், தன்னை விசாரிப்பவனிடம் கதை சொல்கிறான். தான் தேடிப்போன சிறுவன் இறந்துவிட்டான் என்பதைத் தொடக்கத்திலேயே போட்டு உடைத்துவிடுகிறான். அதன்பின் நாம் கவனிக்க வேண்டியது இவன் பேச்சில் எவ்வளவை நம்பலாம் என்பதைத்தான். கதைக்குள் கதை கிளைப்பதும், பூதத்துக்குப் பின் பூதம் வருவதும் வாய்மொழி மரபின் இயல்பு. நைஜீரியாவின் ஏமஸ் டுட்டுவோலா 1952இல் வெளியிட்ட ‘தி பாம்-ஒயின் டிரிங்கர்ட்’ நாவலும் இப்படித்தான் நகரும். அளவில் மிகச் சிறியது, முதலில் அதைப் படித்தால் இந்த நடை பழகிவிடும்.

கொடூரம் பற்றி நீங்கள் சொல்வதை நான் முழுதாக ஏற்கிறேன். சபிக்கப்பட்டவர்கள் என்று ஒதுக்கப்பட்ட ‘மிங்கி’ குழந்தைகளிடம் டிராக்கர் காட்டும் பாசம் அபூர்வமான எழுத்து. ஆனால் பெண்கள் மீதான அவனது வெறுப்பும், ஓயாத வன்புணர்வும் ஒரு கட்டத்துக்குமேல் மரத்துப்போக வைக்கின்றன. கதை சொல்பவனின் குணம் அது என்று சமாதானம் சொல்லலாம். அறுநூறு பக்கங்களுக்கு அந்தச் சமாதானம் எனக்குப் போதவில்லை.

இது முத்தொகுதியின் முதல் நூல். 2022இல் வந்த ‘மூன் விட்ச், ஸ்பைடர் கிங்’கில் டிராக்கர் வெறுக்கும் சூனியக்காரி சோகோலோன் தன் நெடிய வாழ்வைச் சொல்கிறாள், அதே தேடலும் அவள் பார்வையில் வேறாகத் தெரிகிறது. அங்கும் வன்முறை உண்டு, ஆனால் கதை நேராக ஓடும். டிராக்கரை இப்போதைக்கு மூடிவைத்துவிட்டு அவளிடமிருந்து தொடங்குங்கள். அவன் சொன்னதில் எது பொய் என்று அறியும் ஆவல் வந்தால், விட்ட பக்கத்துக்குத் திரும்பலாம்.