புதிய செவிலியரும் பழைய பாடங்களும்

நான்கு ஆண்டுகள் படித்துத் தேர்விலும் வென்றாயிற்று. செவிலியர் மன்றத்தில் பெயரும் பதிவாகிவிட்டது. ஆயினும் முதல் இரவுப் பணியில் நோயாளியின் கட்டிலருகே நிற்கும்போது கை நடுங்குகிறது. கற்றதெல்லாம் மறந்துவிட்டது போலத் தோன்றுகிறது. ஈஜிபுராவில் அறை எடுத்துத் தங்கிப் பணிக்குச் செல்லும் நம் தோழியர் சிலர் இதைச் சொல்லி வருந்துகின்றனர்.

தோழியரே, இது உங்களுக்கு மட்டும் நேர்ந்ததன்று. அமெரிக்காவில் மார்லின் கிரேமர் என்னும் செவிலியர் அறிஞர், கல்லூரியில் கற்றதற்கும் பணியில் காண்பதற்கும் உள்ள இடைவெளி தரும் அதிர்ச்சியைப் பற்றி 1974-இல் ஒரு நூலே எழுதினார். புதியவர் தேர்ந்தவராக ஐந்து படிகள் ஏறவேண்டும் என்று 1984-இல் விளக்கினார் பெட்ரீசியா பென்னர். முதற்படியில் நிற்பவர் நடுங்குவது இயல்பே. அந்நடுக்கம் தீர வழி, அடிப்படைப் பாடங்களை மீண்டும் பயில்வதே. அவற்றுள் மூன்றை இங்கே காண்போம்.

1. மூச்சு: ஓய்வாக இருக்கும் வளர்ந்தவர் நிமிடத்திற்கு 12 முதல் 20 முறை மூச்சு விடுவார், நாடி 60 முதல் 100 வரை துடிக்கும். நாடியை எண்ணுவோர் பலர், மூச்சை எண்ணாமலே ‘18’ என்று எழுதிவிடுகின்றனர். இது பெருந்தவறு. உடல்நிலை சீர்கெடும்போது பலருக்கு முதலில் மாறுவது மூச்சே. நாடி பிடித்த கையை எடுக்காமல், நோயாளி அறியாதவாறு, ஒரு நிமிடம் முழுதும் மார்பின் அசைவை எண்ணுங்கள்.

2. சொட்டுக் கணக்கு: 1000 மில்லி குளுக்கோஸ் 8 மணி நேரத்தில் இறங்க வேண்டும், குழாய் 20 சொட்டுக்கு ஒரு மில்லி தருவது. 1000-ஐ 20-ஆல் பெருக்கி, 480 நிமிடத்தால் வகுத்தால், நிமிடத்திற்கு ஏறத்தாழ 42 சொட்டு. ஒரு மில்லிக்கு எத்தனை சொட்டு என்பது குழாயின் உறையிலேயே அச்சிடப்பட்டிருக்கும். முதலில் அதைப் படியுங்கள்.

3. இன்சுலின்: நம் நாட்டில் மில்லிக்கு 40 யூனிட் உள்ள இன்சுலினும் உண்டு, 100 யூனிட் உள்ளதும் உண்டு. இரண்டிற்கும் ஊசிக்குழல் வேறு வேறு. 100 யூனிட் மருந்தை 40-க்குரிய குழலில் 10-ஆம் கோடு வரை எடுத்தால், உடலில் சேர்வது 10 யூனிட் அன்று, 25 யூனிட்! சர்க்கரை தாழ்ந்து உயிருக்கே கேடு வரலாம். ஆகவே புட்டியையும் குழலையும் அருகருகே வைத்துப் பாருங்கள். இன்னொரு செவிலியரையும் பார்க்கச் செய்யுங்கள்.

கன்னடம் தெரியவில்லையே என்று சிலர் அஞ்சுகின்றனர். நம் ‘நோவு’ கன்னடத்திலும் நோவுதான். “எல்லி நோவு?” என்று கேட்டாலே நோயாளி வலிக்கும் இடத்தைக் காட்டுவார். அங்கிருந்து மொழி வளரும்.

இறுதியாக ஒன்று. எல்லாம் தெரிந்தவர் போல் நடிப்பது துணிவன்று. ஐயம் எழுந்தால் மருந்தைக் கொடுக்காமல் நிறுத்தி, மூத்தவரிடம், “அக்கா, இதை ஒருமுறை பாருங்கள்” என்று கேளுங்கள். கேட்டதனால் வரும் வெட்கம் ஒரு நொடியில் மறையும். கேளாததனால் வரும் இழப்பை மீட்க முடியாது. நாளைய பணிக்குச் செல்லுமுன் இன்றிரவு ஒரு பாடத்தையேனும் மீண்டும் படியுங்கள்.