சிதைவு பிறக்கும் இடம்

சிரஞ்சீவி தம்பிக்கு,

கணினியில் ஆம்ப் மென்பொருளைத் திறந்து கிட்டார் வாசிக்கும்போதெல்லாம் ஸ்வரங்கள் சிதறிக் கரகரக்கின்றன என்றும், அந்த மென்பொருளையே மாற்றிவிட உத்தேசித்திருக்கிறாய் என்றும் எழுதியிருந்தாய். அவசரப்படாதே. சிதைவு எங்கே பிறக்கிறது என்பதை அறியாமல் எதை மாற்றினாலும் பிரயோஜனமில்லை.

சிதைவு எப்போதும் குற்றமன்று. 1964இல் வெளிவந்த ‘யூ ரியலி காட் மீ’ பாட்டுக்காகக் கிங்க்ஸ் குழுவின் டேவ் டேவிஸ், தம் ஆம்ப்பின் ஸ்பீக்கர் கூம்பைப் பிளேடால் கீறி, அதனின்று எழுந்த முரட்டு நாதத்தையே அப்பாட்டின் ஜீவனாக்கினார். அது அவர் விரும்பி வருவித்தது. உன்னுடையதோ அழையாமல் வந்தது.

முதலில், ஆம்ப், பெடல் முதலிய யாவற்றையும் அணைத்துவிட்டு, கிட்டாரின் வெறும் ஒலியை மட்டும் பதிவுசெய்து கேள். அப்போதும் ஒலி உடைந்திருக்குமானால், மென்பொருள் நிரபராதி. குற்றம் ஆடியோ இன்டர்ஃபேஸிலோ அதற்கு முன்னரோ இருக்கிறது. கிட்டாரின் பிக்கப்புக்கு ஏறக்குறைய 1 மெகாஓம் மின்தடையுள்ள உள்ளீடு வேண்டுமாதலால், கேபிளை ‘இன்ஸ்ட்ருமென்ட்’ என்று குறித்த வழியிலேயே செருகு. பிறகு, உன்னால் இயன்ற பலத்தோடு ஒரு கார்டை மீட்டி, அதன் உச்சம் மைனஸ் 12 டெசிபல் அருகில் நிற்கும்படி இன்டர்ஃபேஸின் கெயின் குமிழைத் தணித்து வை. வால்வு ஆம்ப்பில் அளவு மிஞ்சினால் அலை படிப்படியாக வளைந்து கொடுக்கும். டிஜிட்டல் அளவிலோ பூஜ்ய டெசிபலுக்கு மேல் எண்ணே இல்லையாகையால், அலையின் சிகரம் தட்டையாக வெட்டுண்டு போகும். அங்கே இழந்ததைப் பின்னால் வரும் எந்தக் குமிழும் மீட்டுத் தராது. 24 பிட் பதிவில் ஒலியைச் சற்றுத் தாழ்த்தி வைப்பதால் நஷ்டமில்லை. ஆக்டிவ் பிக்கப்பாக இருந்தால் அதன் 9 வோல்ட் பேட்டரியையும் மாற்றிப் பார்.

வெறும் ஒலி தூயதாக இருந்து, ஆம்ப்பைச் சேர்த்ததும், நீ மெல்ல மீட்டினாலும் பலமாக மீட்டினாலும் பொட்டுப்பொட்டென்று வெடிப்புகள் கேட்குமானால், கணினி கணக்கை உரிய காலத்தில் முடிக்க இயலாமல் திணறுகிறது என்று கொள். விநாடிக்கு 48,000 மாதிரிகள் எடுக்கும்போது, ஒலியைத் தேக்கி வைக்கும் 64 மாதிரி பஃபர் கணினிக்குச் சுமார் 1.3 மில்லிவிநாடி அவகாசமே தரும்; 256 ஆக்கினால் 5.3 கிடைக்கும். விண்டோஸாயின், இன்டர்ஃபேஸுக்கென்று அளிக்கப்பட்ட ஏஎஸ்ஐஓ டிரைவரையே தேர்ந்தெடு.

வெடிப்பில்லாமல், தேனீக் கூட்டம் போன்ற இரைச்சல் ஸ்வரத்தின் மேல் படர்ந்திருந்தால், மென்பொருளில் ஸ்பீக்கர் பெட்டியைப் போலச் செயல்படும் கேபினட் பகுதி அணைந்திருக்கிறதா என்று பார். கிட்டார் ஸ்பீக்கர் சுமார் 5,000 ஹெர்ட்ஸுக்கு மேற்பட்டதைப் பெரும்பாலும் அடக்கிவிடும் இயல்புடையது. அந்தத் தடையில்லாத ஆம்ப் ஒலி செவிக்குக் கொடுமையாகவே இருக்கும். இறுதியாக, மாஸ்டர் மீட்டர் சிவப்பைத் தொடுமானால், ஆம்ப்பின் கெயினில் கை வைக்காமல் அதன் வெளியீட்டு அளவை மட்டும் குறை.

இந்த வரிசையைக் குலைக்காதே. ஒரு சமயத்தில் ஒன்றை மட்டுமே மாற்றி, விளைவைக் கேட்டபின் அடுத்ததற்குச் செல். பல குமிழ்களை ஒருங்கே திருப்புகிறவனுக்குத் தற்செயலாகக் குறை நீங்கினாலும் காரணம் விளங்காது. காரணம் விளங்காத குறை மறுபடியும் வரும். இவ்வளவுக்குப் பின்னும் சிதைவு நீங்காவிடில், ஆம்ப் சேராத அந்த வெறும் பதிவை எனக்கு அனுப்பு. இருவருமாகக் கேட்டுத் தீர்மானிப்போம்.

இப்படிக்கு,
உன் பெரியப்பா