விளைபுலமும் மின்வேலியும்

சேலம், நாமக்கல் மாவட்டங்களின் சமவெளியில் மரவள்ளி பயிரிடாத ஊர் அரிது. ஜவ்வரிசி ஆலைகளுக்கு வேண்டிய அக்கிழங்கு ஏறக்குறையப் பத்துத் திங்கள் நிலத்தினுள் வளர்வது. அங்ஙனம் வளர்ந்ததனை ஓரிரவிற்குள் காட்டுப்பன்றிக் கூட்டம் கிண்டியெறிந்து போகுமாயின், விடியலில் வரப்பின்மேல் நிற்கும் உழவனது உள்ளம் படும் பாட்டை நட்டவரே அறிவர். இப்பன்றிகள் கொல்லிமலை, சேர்வராயன்மலைச் சாரல்களில் மட்டும் வாழ்வன அல்ல. ஆற்றோரங்களிலும் ஏரிக்கரைகளிலும் சீமைக்கருவேலம் அடர்ந்தவிடமெல்லாம் அவை குடிபுகுந்துவிட்டன. ஆதலின் வேலி வேண்டுமென்பதில் ஐயமில்லை. எவ்வகை வேலி, அதனை மேற்பார்ப்பவர் யாவர் என்பனவே யாம் ஈண்டு ஆராயப் புகுந்த பொருள்.

இவ்வாராய்ச்சிக்கு எம்மைத் தூண்டியது ஏட்டுக்கல்வியன்று. சென்ற கோடை விடுமுறையில், திருமணிமுத்தாற்றங்கரையிலுள்ள எம் தாய்மாமன் இல்லத்திற்குச் சென்றிருந்தோம். அவர் தமது இரண்டேக்கர் மரவள்ளியைச் சுற்றி மூங்கிற்குச்சிகள் நட்டு, முழங்காலளவு உயரத்தில் வெறுங் கட்டுக்கம்பியை இழுத்து, மோட்டார்க் கொட்டகையினின்று ஒரு மின்கம்பியைக் கொணர்ந்து அதனோடு பிணைத்திருந்தார். ஊர் அடங்கியபின் மின்சாரத்தை இணைப்பார், விடியுமுன் பிரிப்பார். யாம் சென்ற மூன்றாம் நாட் காலையில் அண்டை வீட்டாரின் நாய் அக்கம்பியின்மேல் இறந்து கிடந்தது. சங்கத்திற்குப் பால் கொண்டு செல்லும் மூதாட்டியொருவர் நாள்தோறும் இருள் பிரியுமுன் நடப்பது அவ்வரப்பின் வழியேதான். 'மாமா, நாய்க்குப் பதிலா அந்த ஆயா வந்திருந்தா?' என்று வினவினோம். நெடுநேரம் வாளா இருந்தவர், 'கிழங்கு போனா வாங்குன கடனுக்கு என்ன கண்ணு பண்றது?' என்றார். எம்மால் விடையிறுக்க இயலவில்லை. கல்லூரிக்கு மீண்டபின் எம் நூலகத்தில் தேடியும், அறிந்த மின்பணியாளர் சிலரைக் கேட்டும் தெரிந்துகொண்டவற்றையே இங்கு வரைகின்றோம்.

மின்வேலி என்னும் ஒரே பெயரால் இருவேறு பொருள்கள் வழங்கப்படுகின்றன. குழப்பத்திற்கெல்லாம் முதல் இதுவே. எம் மாமன் அமைத்தது, வழங்கு மின்சாரத்தை நேரே கம்பியிற் பாய்ச்சியது. அதன் அழுத்தம் 230 வோல்ட்டு, இடைவிடாது ஓடுவது. ஓர் ஆம்பியரின் நூற்றிலொரு பங்கைச் சிறிதே மிஞ்சிய மின்னோட்டம் உடலிற் பாய்ந்தாலும் கைத்தசைகள் இறுகும். கம்பியைப் பற்றியவர் தாமாக அதனை விடமாட்டார். நூற்றில் ஐந்து பங்களவு சில நொடிகள் மார்பினூடே ஓடுமாயின், நெஞ்சத் துடிப்பு நிலைகுலைந்து உயிர் நீங்குதல் கூடும். மோட்டாருக்குரிய பியூஸ் கம்பியோ பல ஆம்பியர் ஓடினாலன்றி உருகாது. 'பியூஸ் போட்டிருக்கிறோமே' என்று எம் பக்கத்து உழவர் பலரும் கூறுவதுண்டு. அந்தப் பியூஸ் மோட்டாரைக் காக்கும், ஆளைக் காவாது.

மற்றொன்று, 'எனர்ஜைசர்' என விற்போர் கூறும் பெட்டியால் இயங்குவது. மின்கலத்தினின்றோ சூரியத் தகட்டினின்றோ ஆற்றலைப் பெற்று, ஏறத்தாழ நொடிக்கொருமுறை ஒரு துடிப்பை அது கம்பியிற் செலுத்தும். அழுத்தம் பல்லாயிரம் வோல்ட்டு என்று கேட்டமாத்திரத்தில் அஞ்சுவோர் உளர். எனினும் அத்துடிப்பு நிலவுவது ஒரு நொடியின் ஆயிரத்திற் சில பங்கே. ஐந்நூறு ஓம் தடையில் அளக்குங்கால் அதன் ஆற்றல் 5 ஜூலுக்கு மேற்படலாகாது என்பது உலகத் தரவிதி. இரு துடிப்புகட்கிடையே தசை நெகிழ்தலின் தொட்டவர் விலகிக்கொள்ள முடிகின்றது. விலங்கும் சாட்டையடி பட்டதுபோற் துள்ளி ஓடுமேயன்றி மடிவதில்லை. அமெரிக்க உழவர்களும் 1930-களில் வீட்டு மின்சாரத்தை வேலியில் இணைத்து உயிரிழந்தனர். அங்குள்ள அண்டர்ரைட்டர்ஸ் ஆய்வுக்கூடம், மின்வேலியால் உண்டாகும் அதிர்ச்சியைப்பற்றித் தனியே ஓர் ஆராய்ச்சி வெளியீட்டை 1939-இல் பதிப்பித்தது. அந்நாட்டார் அன்று கற்ற பாடத்தை யாம் இன்னும் வரப்பிற் கிடக்கும் நாயைப் பார்த்துக் கற்கின்றோம்.

பயிர் காக்கப் பொறி வைத்தல் தமிழர்க்குப் புதிதன்று. பத்துப்பாட்டினுள் ஒன்றாகிய மலைபடுகடாத்தைப் பயின்றோர், கூத்தர்க்கு வழி கூறுமிடத்தை நினைவுகூர்வர். விளைந்த புனத்தைப் பன்றி அழிக்குமென்றஞ்சி, அது நுழையும் புழைதோறும் பெருங்கற் பொறிகளை மாட்டியிருப்பர் என்றும், ஆதலின் இரவில் தங்கி விடிந்தபின்னரே அவ்வழியைக் கடத்தல் வேண்டுமென்றும் அவர்கள் முன்னரே எச்சரிக்கப்படுகின்றனர். வகுப்பில் இப்பகுதியைப் பயின்றபொழுது உரையாசிரியர் கூறும் சொற்பொருளிலேயே எம் கருத்துச் சென்றது. இப்பொழுதோ, பொறி இன்னவிடத்து உளதென்பது ஊரறிந்த செய்தியாயிருந்ததும், அயலார்க்கு அதனைச் சொல்லுதல் வழக்கமாயிருந்ததுமே எமக்குப் பெரியனவாய்த் தோன்றுகின்றன. மாமனின் கம்பி இருந்தது மாமனுக்கும் அத்தைக்கும் மட்டுமே தெரியும்.

இனிச் சட்டத்தின் நிலையை நோக்குவோம். 1965-ஆம் ஆண்டு வரை சேலம் மாவட்டத்தின் பகுதியாயிருந்த தருமபுரிப் பக்கத்தில், மாரண்டஅள்ளியை அடுத்து, 2023 மார்ச்சுத் திங்களில் ஒரு நிலத்தில் வைத்திருந்த மின்கம்பியில் மூன்று யானைகள் மாண்டன. இரு கன்றுகள் மட்டும் எஞ்சின. அவ்வாண்டிலேயே மின்வேலிகளின் பதிவையும் ஒழுங்கையும் பற்றித் தமிழ்நாட்டரசு விதிகள் வெளியிட்டது. அவற்றின்படி மின்வேலி அமைக்குமுன் வனத்துறையின் இசைவு பெறல் வேண்டும். முன்னரே அமைத்தவற்றைப் பதிவு செய்தல் வேண்டும். கருவி இந்தியத் தர அமைவனத்தின் விதிக்கு இயைந்திருத்தல் வேண்டும். நல்ல விதிகளே. ஆனால் அவை காப்புக் காடுகளை அடுத்த நிலங்களை நோக்கி எழுந்தவை. காட்டை விட்டுப் பன்றி நெடுந்தொலைவு வந்துவிட்டதென்பதை அரசே அறியும். காப்புக் காட்டினின்று மூன்று கிலோமீட்டருக்கு அப்பால் வந்து பயிரழிக்கும் பன்றிகளை வனத்துறையினர் சுடலாம் என 2025 தொடக்கத்தில் ஆணை பிறந்தது. பன்றிக்கு ஆணை சமவெளி வரை வந்தது. வேலிக்கு விதி மலையடியிலேயே நின்றுவிட்டது.

வேறு சட்டமே இல்லையென்பது எம் கருத்தன்று. 2003-ஆம் ஆண்டு மின்சாரச் சட்டத்தின் 135-ஆம் பிரிவு, ஒரு பயனுக்கென அளித்த மின்சாரத்தைப் பிறிதொன்றிற்குப் பயன்படுத்துதலையும் திருட்டென்றே கொண்டு, மூன்றாண்டு வரை சிறைத்தண்டம் விதிக்கின்றது. ஆளிறந்தால் கொலைக்குற்றமும் சாரும். இவையெல்லாம் நிகழ்ந்தபின் வருவன. 1990 முதல் உழவர் அனைவர்க்கும் மோட்டாருக்கு மின்சாரம் விலையின்றிக் கிடைத்தலின், திருட்டு மின்வேலிக்குக் கட்டுக்கம்பியின் விலையே செலவு. முறையான வேலிக்கோ பணம் வேண்டும். வேளாண்மைப் பொறியியல் துறையார் சூரிய மின்வேலிக்கு மானியம் வழங்கிவருவதை எம் மாமன் எம் வாயிலாகவே முதன்முதற் கேட்டார்.

இச்செய்தியை ஊருக்குரைக்கவும், எந்த வரப்பில் எவ்வேலி உளதென்று ஓர் ஏட்டிற் குறிக்கவும் ஏற்றது கிராம ஊராட்சியே என்று யாம் துணிகின்றோம். தெருவிளக்கையும் குடிநீரையும் பேணும் அவ்வமைப்பு வேலியேட்டையும் பேணுதல் பெருஞ்சுமையன்று. 2022 முதல் கிராமசபை ஆண்டில் ஆறு நாட்கள் கூடுகின்றது. அங்கு அவ்வேட்டைப் படித்தாற் போதும், பால்காரர் முதல் ஆடு மேய்க்கும் சிறுவர் வரை யாவரும் அறிவர். கையூட்டிற்கு இன்னுமொரு வாயில் திறந்ததாகுமே என்று எம் விடுதி நண்பரொருவர் மறுத்தார். அவர் அச்சம் பொய்யன்று. அதனாலேயே இசைவு தரும் உரிமையை ஊராட்சிக்கு வேண்டாது, கட்டணமின்றிப் பதியும் கடமையை மட்டும் வேண்டுகின்றோம்.

நாய் இறந்த அன்று மாலையே மாமன் கம்பியைச் சுருட்டிவிட்டார். அவ்வாண்டுக் கிழங்கிற்கு அத்தையின் பழம்புடவைகளே வேலியாயின. கால்வாசிப் பயிர் பன்றிக்குப் போயிற்று. இப்பொழுது அடுத்த நிலத்தார் இருவரோடு கூடிச் சூரிய மின்வேலிக்கு விண்ணப்பித்துள்ளார். எச்சரிக்கைப் பலகை எழுதும் பணி எமக்கு வந்தது. மஞ்சள் நிறமும், ஓர் அங்குலத்திற்குக் குறையாத எழுத்தும் வேண்டுமென்பது தரவிதி. 'மின்வேலி, தொடாதீர்' என்று எழுதி முடித்தபின், அம்மூதாட்டி எழுத்தறியாதவர் என்பது நினைவிற்கு வந்தது. எழுத்தின் மேலே கம்பியைத் தொடும் கையொன்றும் மின்னற் கீற்றொன்றும் வரைந்து வைத்துள்ளோம்.